ஓதம்

படகுக்குள் நாங்கள் இறங்குவதற்கு முன்பே அதன் வாடை மேலே ஏறி வந்துவிட்டது. டீசல், பழைய மெத்தை, எப்போதோ சிந்திய மண்ணெண்ணெய், இவற்றுக்கெல்லாம் அடியில், ஐப்பசி மழைக்குப் பிறகு பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் முகத்தில் மோதும் அந்த ஈரவாடை. 2016ஆம் ஆண்டு நவம்பர் மாதம். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கடற்கரையில், பிளாக்வாட்டர் கழிமுகத்தின் ஓரத்தில் இருந்தது அந்தப் படகுத்துறை. குளிர்காலத்துக்காகக் கரையேற்றப்பட்ட படகுகள் வரிசையாக நின்றன. அலுமினியப் பாய்மரங்களின்மீது கயிறுகள் காற்றில் அடித்து ஓயாமல் மணியோசை எழுப்பிக்கொண்டிருந்தன. நாங்கள் பார்க்கப் போனது 1974இல் கட்டப்பட்ட, 26 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் பாய்மரப் படகு. அடியில் ஒன்றுக்கு இரண்டாகக் கீல்கள். கடல் வற்றும் நேரத்தில் பிளாக்வாட்டரின் ஓரங்கள் பெரும் சேற்றுவெளியாகிவிடும். இரட்டைக் கீல் படகு அந்தச் சேற்றில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். கிழக்குக் கரையில் அவ்வகைப் படகுகளுக்கு இன்றும் இருக்கும் மதிப்பு அதனால்தான்.

எங்களில் ஒருவர் நாகப்பட்டினத்துக்காரர். மற்றவர் கடலை முதன்முதலில் பார்த்தபோது வயது இருபது. பல ஆண்டுகளாக ஒதுக்கி வைத்த பணம் கையில் இருந்தது. புதுப்படகுக்கு அது எட்டவே எட்டாது. பழைய படகைத்தான் வாங்க முடியும் என்றானபின், நாங்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம் பாயைப் பற்றியதோ காற்றைப் பற்றியதோ இல்லை. கறைகளை எப்படிப் படிப்பது என்பதைத்தான் கற்றோம்.

ஓதம் என்ற சொல்லை நாங்கள் இருவரும் சிறுவயதிலிருந்தே அறிவோம். சுவரில் ஓதம் ஏறிவிட்டது, தரையில் ஓதம் காக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பழைய இலக்கியத்தில் அதே சொல் கடலின் அலைக்கும் பெருக்குக்கும் வழங்குவதைப் பின்னர் கல்லூரியில் படித்தோம். ஒரு சொல்லுக்கு இரு பொருள் என்று அகராதியில் பார்த்துக் கடந்துபோன செய்தி அது. அந்தக் கேபினுக்குள் குனிந்து நின்று, தாழ்ந்த கூரையில் கைவைத்து, விரல் நுனியில் ஒட்டிய ஈரத்தைப் பார்த்தபோது அந்த இரு பொருள்களுக்கும் இடையே நான்கைந்து மில்லிமீட்டர் கண்ணாடியிழைதான் இருக்கிறது என்று தோன்றியது.

இதற்கு முந்தைய வாரம் வேறொரு படகைப் பார்த்திருந்தோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே எல்லாம் புத்தம்புது வெள்ளை வண்ணம். படகின் அடிவயிற்றில், தரைப்பலகைக்குக் கீழே, யாரும் வண்ணம் பூச மெனக்கெடாத இடத்திலும் பளபளவென்று வெள்ளை. மேசையில் பூச்சாடி வேறு. நாங்கள் மகிழ்ந்துபோய்க் கையெழுத்திடும் நிலைக்கு வந்துவிட்டோம். இறங்கும் வேளையில் எஞ்சின் பெட்டியின் உட்புறம் மட்டும் வண்ணம் பூசாமல் விடப்பட்டிருந்ததைக் கண்டோம். அங்கே, ஸ்டார்ட்டர் மோட்டாரின் பாதி உயரத்தில், அளவுகோல் வைத்து வரைந்ததைப் போல ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தவை எல்லாம் துருப்பிடித்திருந்தன. மேலே இருந்தவை சுத்தம். ஒழுகிய நீர் சரிந்து, வளைந்து, கிளை பிரிந்து கறை விடும். நின்ற நீர் மட்டக்கோடு விடும். அந்தப் படகு ஒருமுறை பாதி எஞ்சின் வரை நீரில் நின்றிருக்கிறது. கேட்டதற்கு விற்பவர் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். தெரியாமலும் இருக்கலாம். ஆனால் அன்று முதல் புது வண்ணத்தைக் கண்டால் எங்களுக்குக் கறையைக் கண்டதைவிட அதிக அச்சம் வருகிறது.

ஆகவே 1974ஆம் ஆண்டுப் படகின் உள்ளே எங்கு பார்த்தாலும் கறையாக இருந்தது எங்களுக்கு ஒருவகை ஆறுதலாகவே இருந்தது. ஒன்றும் மறைக்கப்படவில்லை என்று நினைத்தோம். அது எந்த அளவுக்கு உண்மை என்பதைக் கடைசியில் சொல்கிறேம்.

உடைமையாளர் எண்பதை நெருங்கியவர். 1983இலிருந்து படகு அவரிடம் இருக்கிறது. முழங்கால் வலியால் ஏணியில் ஏற முடியாதவராகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கீழே சரளைக்கல் தரையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் உள்ளே ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு மேலிருந்து தலையை நீட்டிக் கேட்போம். அவர் அண்ணாந்து பதில் சொல்வார். "வலப்பக்கம் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே கறுப்பாக இருக்கிறதே?" "அது 1990களில். மாற்றிவிட்டேன்." "முன்னறைக் கூரையில்?" "அது ஒழுக்கு இல்லை. உங்கள் மூச்சு."

இந்தக் கடைசிப் பதிலின் பொருள் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. பிற்பாடு விளங்கியது. குளிர்நாட்டுப் படகுகளில் உள் ஈரத்தில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருவதே இல்லை. உள்ளே உறங்குபவரின் மூச்சும் கொதிக்கும் கெண்டியின் ஆவியும் குளிர்ந்த கண்ணாடியிழையில் பட்டு நீராகின்றன. அந்த ஈரத்தில் பூக்கும் பூஞ்சைக்குத் தனி முகம் உண்டு: கறுப்பு மிளகுத்தூளைத் தூவியதைப் போல, காற்று புகாத மூலைகளிலும் மெத்தைக்குப் பின்புறத்திலும் பரவலாக இருக்கும், தொடக்கமும் முடிவும் இராது. ஒழுக்கின் கறைக்கோ ஒரு தலை உண்டு, ஒரு வால் உண்டு. வாலைப் பிடித்துத் தலையைத் தேட வேண்டும்.

தேடுவது எளிதில்லை. எங்கள் ஊர் ஓட்டு வீடுகளில் மழைக்காலத்தில் சொட்டும் இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டு, மழை விட்டதும் ஓடு மாற்ற ஆள் ஏறுவார். கீழே சொட்டுவது கூடத்தின் நடுவில் என்றால் அவர் மாற்றும் ஓடு முகட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். உடைந்த ஓட்டின் வழியே இறங்கும் நீர் ரீப்பரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், ஓர் ஆணித்தலையோ முடிச்சோ வழிமறிக்கும் இடத்தில் சொட்டும். படகிலும் இதுதான் நடக்கிறது. கூடுதலாக ஒரு சங்கடம்: வீடு அசையாது. படகு காற்றில் சாயும்போது நீரின் பாதையும் மாறிவிடுகிறது. இடப்பக்கம் சாய்ந்து ஓடியபோது ஒழுகியது, கரைக்கு வந்து நிமிர்ந்ததும் நின்றுவிடும்; மறுநாள் தோட்டக்குழாயை வைத்துத் தேடினால் கிடைக்காது.

சுவைத்துப் பார்க்கவும் கற்றோம். கூரையில் தொங்கும் சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்தால் கரிக்கும், அல்லது கரிக்காது. கரித்தால் கடல், இல்லையென்றால் மழை. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் பெரும்பாலோர் கடல் என்பார்கள். மரத்துக்கு மழைதான் பகை. உப்புநீரில் மரத்தை அரிக்கும் பூஞ்சைகள் எளிதில் தழைப்பதில்லை. நன்னீர் ஊறிய ஒட்டுப்பலகை சில ஆண்டுகளில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். உப்புநீரின் தொல்லை வேறு மாதிரி. உப்பு படிந்த மெத்தை காய்வதே இல்லை. மழைநாளில் சமையலறை உப்பு ஜாடி தானாகவே நீர்த்துவிடுவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுக்கும். நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்காதவரை எத்தனை வெயிலில் போட்டாலும் அன்று மாலையே மெத்தை பிசுபிசுக்கும்.

தேக்கு ஒட்டிய பலகைகளில் இருந்த கருநீலக் கறைகள் எங்களை முதலில் அச்சுறுத்தின. மரம் எரிந்துபோனதைப் போலிருந்தன. அது தேக்கில் உள்ள துவர்ப்புச் சத்தும் திருகாணிகளிலிருந்து கரைந்துவந்த இரும்பும் ஈரத்தில் கூடிய விளைவு. கலம்காரித் துணியில் கடுக்காய் ஊட்டிய இடத்தில் இரும்புக் கரைசல் பட்டதும் எழும் கறுப்பும் இதே வேதியியல்தான். ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் அரைமணி நேரத்தில் கறுப்பு வெளுத்து, அடியில் இருக்கும் தேன்நிறம் திரும்பி வந்துவிடும். அது நஞ்சு, கையுறை வேண்டும். கறை போய்விடும் என்பதால் ஒழுக்கும் போய்விட்டது என்று நம்பிவிடக் கூடாது என்பதையும் கொஞ்சம் பணத்தை இழந்த பிறகு அறிந்தோம்.

ஜனவரி 2017இல் சர்வேயர் ஒருவரை அமர்த்தினோம். கட்டணம் 400 பவுண்டுக்கு மேல். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு. இந்தச் செலவு தேவையா என்று எங்களுக்குள் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. வந்தவர் அதிகம் பேசாத மனிதர். மேல்தளத்தில் மண்டியிட்டு, சின்னஞ்சிறு சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். மண்பானை வாங்கும் பாட்டி சுண்டிப் பார்ப்பதைப் போல. அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் மேல்தளம் இரண்டு கண்ணாடியிழை ஏடுகளுக்கு நடுவே பால்சா மரத்துண்டுகளை வைத்துக் கட்டப்பட்டது. பால்சா மிக இலேசானது. உலர்ந்திருக்கும்வரை தளம் உறுதியாக இருக்கும். ஏதாவது ஒரு திருகாணித் துளை வழியே நீர் புகுந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே ஊறும். உலர்ந்த இடத்தில் தட்டினால் கணீரென்று கேட்கும். ஊறிய இடத்தில் பொத்தென்று அடங்கிவிடும். அவர் தட்டத் தட்ட நாங்கள் கேபினுக்குள் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பொத் ஓசைக்கும் எங்கள் பணத்தில் ஒரு பகுதி கரைவதாகத் தோன்றியது.

தளம் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. அவர் நின்றது வேறோர் இடத்தில். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் தளத்தைத் துளைத்து இறங்கும் எஃகுப் பட்டைகளில் பிணைக்கப்பட்டிருக்கும். செயின்பிளேட் என்பார்கள். படகில் இவை ஆறு. இரண்டின் கீழே, உட்பலகையில், தேநீர் வடிந்ததைப் போல மெல்லிய பழுப்புக் கோடு. நாங்கள் பலமுறை பார்த்துவிட்டு அழகுக்குறை என்று ஒதுக்கியது அது. சர்வேயர் கைவிளக்கை அதன்மேல் நிறுத்தி, "இது துருப்பிடிக்காத எஃகு. அப்படியானால் இந்தத் துரு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன்மேல் தானாகப் படரும் குரோமியம் ஆக்ஸைடு ஏடு. அந்த ஏடு தேய்ந்தால் மறுபடியும் உருவாகக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வேண்டும். தளத்தின் தடிமனுக்குள் சிக்கிய பகுதியில் ஈரம் உண்டு, காற்று இல்லை. எஃகு அங்கே கண்ணுக்குத் தெரியாமல் அரிபடும். மேலே பளபளக்கும், கீழே பளபளக்கும், நடுவில் விரிசல் ஓடியிருக்கும். ஒருநாள் நல்ல காற்றில் அது அறுந்தால் பாய்மரம் முழுவதும் ஆட்கள் இருக்கும் பக்கமாகச் சாயக்கூடும்.

அந்த மெல்லிய கோடுதான் படகிலிருந்த எல்லாக் கறைகளிலும் ஆபத்தானது. மிக அருவருப்பாகத் தெரிந்த கூரைப் பூஞ்சை ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் போனது.

அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. அதில் பின்படுக்கைப் பலகையைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: பெரிய பழுப்புக் கறை, மூலம் கண்டறியப்படவில்லை.

பேரம் பேச பிப்ரவரியில் போனோம். இப்பகுதியை எழுதுவதற்கு எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. விலை 4,500 பவுண்டு. எங்கள் கையில் இருந்ததில் அதைக் கொடுத்துவிட்டால் பழுது பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கறையாகச் சொன்னோம். செயின்பிளேட்டுகளுக்கு 400. தொங்கிப்போன உட்கூரைக்கு 300. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். 34 ஆண்டுகள் ஒரு மனிதர் பேணிய பொருளின் குறைகளை அவர் முன்னாலேயே பட்டியல் போட்டு வாசிப்பது, பெண் பார்க்கப் போய் நிறத்தைப் பற்றிப் பேசும் உறவினர்களின் வேலை போலவே இருந்தது. ஆனாலும் வாசித்தோம். பின்படுக்கைக் கறைக்கு வந்தபோது அவர் முதன்முறையாக மறுத்தார்.

"அது கொக்கோ."

நாங்கள் புரியாமல் பார்த்தோம்.

"கொக்கோ. என் மகன் கோப்பையோடு படுத்திருந்தான். அலை அடித்தது. கோப்பை போய்விட்டது."

வெளியே இருட்டிவிட்டிருந்தது. மறுபடியும் ஏணியேறிப் பார்த்திருக்கலாம், ஏறவில்லை. அறிக்கையில் மூலம் கண்டறியப்படவில்லை என்று எழுதியிருக்கிறது என்றோம். எங்கள் குரலில் அவரை நம்பவில்லை என்பது தெரிந்திருக்கும். அவர் சிறிது நேரம் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்துவிட்டு, "எவ்வளவு குறைக்க வேண்டும்?" என்றார். 150 என்றோம். 3,650 பவுண்டுக்குப் படகு எங்களுடையதாயிற்று.

மார்ச் முதல் ஜூன் வரை ஒவ்வொரு சனி ஞாயிறும் கிழக்கு லண்டனிலிருந்து ஏ12 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப்போய் வேலை செய்தோம். முதலில் செயின்பிளேட்டுகளைக் கழற்றினோம். துருக்கோடு விட்ட இரண்டில் ஒன்று, தளத்துக்குள் புதைந்திருந்த இடத்தில், பாதி அகலத்துக்கு விரிசல் கண்டிருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துவந்து சமையலறை மேசைமேல் வைத்தோம். இன்றும் புத்தக அலமாரியில் இருக்கிறது. ஆறையுமே 316 ரக எஃகில் புதிதாகச் செய்து மாட்டினோம்.

பிறகு உட்கூரை. அக்காலத்துப் பிரிட்டிஷ் படகுகளில் கூரைக்கு நுரை ஒட்டிய வினைல் போடுவது வழக்கம். நாற்பது ஆண்டுகளில் நுரை பொடிந்துவிடும். வினைல் தொட்டிலைப் போலத் தொங்கும். எங்கள் படகில் அது மெல்லிய பலகைகளின்மேல் ஒட்டப்பட்டு, பலகைகள் திருகாணிகளால் கூரையில் பொருத்தப்பட்டிருந்தன. முதல் பலகையை இறக்கியதும் செம்மஞ்சள் பொடி கொட்டித் தலை, தோள், காதுக்குள் எல்லாம் நிறைந்தது. எங்களில் ஒருவருக்கு மூச்சிரைப்பு உண்டு. அவர் வெளியே போய் உட்கார வேண்டியதாயிற்று. பொடி அடங்கியபின் உள்ளே இருந்தவர் விளக்கைத் தூக்கிப் பிடித்துவிட்டு, வெளியே இருந்தவரை முகமூடி அணிந்துகொண்டு உடனே வரச் சொன்னார்.

கூரையின் வெற்றுக் கண்ணாடியிழை முழுவதும் எழுத்து. மெழுகுப் பென்சிலால் வரைந்த வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் தேதி. நீர் எதுவரை பரவியிருந்ததோ அந்த விளிம்பைச் சுற்றி வரைந்திருக்கிறார். அடுத்த முறை அதற்கும் வெளியே இன்னொன்று. வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக. சில இடங்களில் அம்புக்குறி, சில இடங்களில் கேள்விக்குறி. ஒரு திருகாணியின் பக்கத்தில் "இதுதான்" என்று எழுதி அடிக்கோடு. மிகப் பெரிய வட்டத்தின் தேதி 16 அக்டோபர் 1987. அதற்கு முந்தைய இரவில்தான் தென் இங்கிலாந்தைச் சூறையாடிய பெரும்புயல் எஸ்ஸெக்ஸையும் தாண்டிப் போனது. அன்று காலை அவர் இங்கே வந்திருக்கிறார். படகு மிதந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். கூரைப்பலகையைக் கழற்றி வட்டம் போட்டிருக்கிறார்.

சமையல் மூலைக்கு மேலிருந்த ஜன்னலைச் சுற்றி மட்டும் வட்டங்கள் நெருக்கமாக இருந்தன: 1991, 1998, 2007. எல்லா அம்புகளும் ஜன்னலை நோக்கியே இருந்தன. "இதுதான்" அங்கே எழுதப்படவில்லை.

நாங்கள் அந்த வரைபடத்தைப் பின்பற்றியே வேலை செய்தோம். தளத்திலுள்ள ஒவ்வொரு பொருத்தையும் கழற்றி, துளையை அகலமாக்கி, ஈர பால்சாவைச் சுரண்டி எடுத்து, எப்பாக்ஸியால் நிரப்பி, நிரப்பியதன் நடுவே மறுபடி துளையிட்டு, பியூட்டைல் நாடா வைத்து இறுக்குவது. இப்படிச் செய்தால் பின்னாளில் சீலண்ட் கைவிட்டாலும் நீர் பால்சாவைத் தொடாது. சொல்லும்போது ஒரு வாக்கியம். செய்யும்போது ஒரு பொருத்துக்கு அரைநாள். ஒருவர் மேலே திருப்புளியோடும் மற்றவர் கீழே பெட்டியறைக்குள் தலைகீழாக நுழைந்து நட்டைப் பிடித்துக்கொண்டும் இருக்க வேண்டும். எங்கள் மணவாழ்க்கையின் மிகக் கடுமையான சொற்கள் அந்த ஒன்றரை அங்குலத் தளத்தின் இருபுறமும் நின்று பேசப்பட்டவை. முந்தையவர்கள் எவரேனும் சிலிக்கோன் அப்பியிருந்த இடங்களில் அரைநாள் ஒரு நாளாகும். சிலிக்கோன் விட்டுப்போகும் மெல்லிய பிசுக்கின்மேல் வேறெதுவும் ஒட்டாது.

பின்பகுதியில் உந்துதண்டு வெளியேறும் இடத்துக் கசிவை மட்டும் நாங்கள் தொடவில்லை. கொழுப்பூட்டிய நார்க்கயிற்றைச் சுற்றி அடைத்த பழைய முறை அது. எஞ்சின் ஓடும்போது அவ்வப்போது ஒரு சொட்டு விழ வேண்டும்; அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர்விக்கிறது. ஒழுக்கை ஒழிக்கும் வெறியில் இருந்த எங்களுக்கு அந்த ஒரு சொட்டைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாடாக இருந்தது.

கடைசியாகப் பின்படுக்கைக்கு வந்தோம். மேலே தோட்டக்குழாயைக் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் என்று வைத்தோம். கீழே ஒருவர் விளக்கோடு படுத்திருந்தார். ஒரு சொட்டும் இல்லை. கறைபட்ட பலகையைக் கழற்றித் திருப்பினோம். பின்புறம் புதுமரமாக இருந்தது. தச்சனின் பென்சில் குறிகூட அழியாமல். வெளியிலிருந்து வரும் ஒழுக்கு பலகையின் பின்பக்கத்திலிருந்துதான் முன்னால் ஊறும். இந்தக் கறை முன்முகத்தில் மட்டும் இருந்தது. பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது அதன் வடிவமும் தெரிந்தது: கீழே அகன்று, மேல்நோக்கிச் சிதறிய துளிகள். கோப்பையிலிருந்து எகிறியதைப் போல.

கழற்றிப் பார்க்க நான்கு திருகாணிதான். பிப்ரவரியிலேயே செய்திருக்கலாம்.

ஜூலையில் படகை நீரில் இறக்கினோம். கோடை முழுவதும் பிளாக்வாட்டரில் ஏறியும் இறங்கியும் திரிந்தோம். மால்டனின் பழைய பார்ஜ் படகுகளுக்கு நடுவே, வெட்கமில்லாமல், கற்றுக்குட்டிகளாக. கேபின் காய்ந்தே இருந்தது, சமையல் மூலையைத் தவிர. தென்மேற்கிலிருந்து மழை அடித்தால் அடுப்பின் பக்கத்தில் ஒரு சொட்டு வந்து நிற்கும். வரைபடம் சொன்னபடி ஜன்னலைக் கழற்றி, சட்டத்தைச் சுத்தம் செய்து, புதிய அடைப்பு வைத்து மாட்டினோம். சொட்டு வந்தது. இரண்டாம் முறையும் கழற்றினோம். வந்தது.

செப்டம்பரில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். எழுத வேண்டும் என்று பேசிப் பேசித் தள்ளிப்போட்டிருந்த கடிதம். சமையல் மூலையைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. பழுதுகளைப் பற்றி அவரிடம் முறையிடுவதாக ஆகிவிடும் என்று தோன்றியது. பின்படுக்கைப் பலகையைக் கழற்றிப் பார்த்ததையும், அவர் சொன்னதே சரி என்பதையும் மட்டும் எழுதினோம். 150 பவுண்டுக்குக் காசோலை வைத்தோம்.

பத்து நாளில் பதில் வந்தது. காசோலை உள்ளேயே திரும்பி வந்திருந்தது. நடுங்கும் கையெழுத்தில் நான்கு வரி. மகன் இப்போது நியூசிலாந்தில் இருப்பதாகவும் கொக்கோவைப் பற்றிச் சொன்னபோது அவன் சிரித்ததாகவும் முதலில். பிறகு, தென்மேற்கு மழையில் அடுப்பின்மேல் சொட்டுகிறதா என்று கேட்டிருந்தார். சொட்டினால் ஜன்னலைத் தொடாதீர்கள், அதற்கு முன்னாலிருக்கும் கம்பித்தூணின் அடித்தட்டைப் பாருங்கள். கடைசி ஆண்டில்தான் எனக்கே தெரிந்தது, சிலிக்கோன் வைத்து அடைத்தேன், உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை போனோம். தளத்தின் ஓரத்தில், ஜன்னலுக்கு மூன்றடி முன்னால், தூணின் அடித்தட்டைச் சுற்றிச் சீராக இழுத்த சிலிக்கோன் இருந்தது. சர்வேயரின் சுத்தியல் அதையொட்டிப் போயிருக்கிறது, அதன்மேல் விழவில்லை. தட்டைக் கழற்றி, துளைக்குள் வளைந்த கம்பியை விட்டு இழுத்தோம். பால்சா கறுத்து, ஊறிய பிண்ணாக்கைப் போல வெளியே வந்தது. ஒரு கையளவு இருக்கும். கேபினுக்குள் போய்ப் பலகையை இறக்கி, அந்த இடத்தில் மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டு, தேதி போட்டு, "இதுதான்" என்று எழுதினோம்.